திமிலைதீவிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

(அமிர்தகழியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திமிலைதீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு, பறந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று கைத்தொலைபேசியிடம் கேட்டால் உடனே விடை வந்துவிடும். ஏறத்தாழ 291 கிலோமீற்றர். முக்கால் மணி நேரம். முதல் எண்ணை நீங்கள் நம்பலாம். இன்றைக்கு எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்றும் சொல்லித் தருகிறேன். இரண்டாவது எண்ணில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யாழ்ப்பாணம் போனவர்கள் நிறையப் பேர். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் இருந்து, இடுப்பு நொந்து இறங்கியவர்கள்தான் எல்லோரும். முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கினேன் என்று சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா?

முதலில் கணக்கு. மட்டக்களப்பு ஓடுபாதை வட அகலக்கோடு 7 பாகை 42 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலையில். வித்தியாசம் 125 கலை. வடக்குத் தெற்காகப் போகும்போது ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். ஆகவே வடக்கு நோக்கி 125 கடல் மைல். இனி நெடுங்கோடு. இங்கே கிழக்கு 81 பாகை 40 கலை, அங்கே 80 பாகை 4 கலை. வித்தியாசம் 96 கலை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். ஆனால் நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். எனவே நூற்றுக்கு ஒன்றுதான் குறையும். 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே 125, மேற்கே 95. பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 157 கடல் மைல் வரும். அதை 1.852-ஆல் பெருக்கினால் 291 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து ரொறன்ரோ போன்ற நெடுந்தூரத்துக்கு இந்தச் சின்னக் கணக்கு உதவாது. அங்கே உலகம் உருண்டை என்பதை மறக்க முடியாது, பெருவட்டக் கணக்கு வேண்டும். எங்கள் தீவுக்குள் பைதகரஸ் போதும்.

இந்த 291 கிலோமீற்றர் கோட்டை வரைபடத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். திமிலைதீவில் தொடங்கி மட்டக்களப்பு வாவியைத் தாண்டி வடமேற்காக ஏறுகிறது. வாழைச்சேனைக்கு மேலால் போகிறது. வாகரையை வலக்கைப் பக்கம் விட்டு, வெருகல் ஆற்றைக் கடந்து, கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் நடுவே நுழைகிறது. பிறகு பதவியாக் குளத்தின் ஓரம். அதற்குப் பிறகு வன்னிக் காடு. காடு முடியும் இடத்தில் இரணைமடுக் குளம் நேர் கீழே கிடக்கும். கிளிநொச்சியும் கிட்டத்தட்ட நேர் கீழேதான். அப்புறம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, செம்மண் தோட்டங்கள், பலாலி. கிழக்கும் வடக்கும் ஒட்டிக் கிடக்கும் நிலம் முழுவதையும் இந்த ஒரே கோடு தைத்துக்கொண்டு போகிறது. தரைவழியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கோடு கிடைப்பதில்லை. பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி என்று மேற்கே வளைந்து வவுனியாவில் ஏ-9 வீதியைப் பிடிக்க வேண்டும். அல்லது திருகோணமலை போய் ஹொறவப்பொத்தானை வழியாக வவுனியா வர வேண்டும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இங்கே வந்திறங்கியிருக்கும் பயணிகள் விமானங்களில் செஸ்னா கரவன் என்ற ஒற்றை இயந்திர விமானத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எட்டு, ஒன்பது பேர் உட்காரலாம். மணிக்கு 315 கிலோமீற்றர் அளவில் பறக்கும். 291-ஐ 315-ஆல் வகுத்தால் 55 நிமிடம். ஓடுபாதை முனைக்கு உருண்டு போவது, மேலேறுவது, இறங்குவதற்கு வளைந்து வருவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று சொல்லலாம். பலாலிக்குச் சென்னையிலிருந்து வந்த ஏ.ரி.ஆர் 72 பெரியது, எழுபது பேர் ஏறக்கூடியது, மணிக்கு 500 கிலோமீற்றர் போகும். அது இந்த வழியில் பறந்தால் மொத்தம் 50 நிமிடம். வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியும் மிச்சப்படுவது பதினைந்து நிமிடம்தான். குறுந்தூரப் பறப்பில் வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் காற்றைப் பற்றிப் பேசாமல் யாரும் எதையும் பேசி முடிப்பதில்லை. மார்கழியில் அடிப்பது வடகிழக்கிலிருந்து வருகிற வாடை. ஆனி, ஆடியில் வயலையும் முகத்தையும் காய வைப்பது தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான். பலாலிக்கோடு வடமேற்காகப் போகிறது. அப்படியானால் வாடை விமானத்தின் வலப்பக்க விலாவில் அடிக்கும், கச்சான் இடப்பக்க விலாவில். முகத்திலும் அடிக்காது, முதுகிலும் தள்ளாது. விமானி மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் போதும். மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று விலாவில் அடித்தாலும் பயண நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடாது. கொழும்புக் கோடு அப்படியல்ல. அது ஏறத்தாழ மேற்கும் தென்மேற்குமாகப் போவதால், கச்சான் காலத்தில் அங்கிருந்து வரும்போது காற்று தள்ளிவிடும், திரும்பிப் போகும்போது முகத்தில் அறையும். கொழும்பின் இரத்மலானை விமான நிலையத்துக்கு 221 கிலோமீற்றர்தான். அதே 40 கிலோமீற்றர் காற்றுக்கு வரவிலும் போக்கிலும் பதினொரு நிமிட வித்தியாசம் வரும். இன்னொரு விசயம். மட்டக்களப்பு ஓடுபாதையின் பெயர் 06–24, பலாலியின் பெயர் 05–23. திசைகாட்டிப் பாகையில் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதுகிற எண்கள் அவை. இரண்டு ஓடுபாதைகளும் ஏறக்குறைய ஒரே திசையில், வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கின்றன. விமானம் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் விரும்பும். இரண்டு ஊரையும் ஆளுவது ஒரே இரண்டு காற்று. ஓடுபாதைகளும் அதற்கு ஏற்றபடியே கிடக்கின்றன. இந்த இரண்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனாலும் இரண்டுக்கும் நடுவே நம்பிப் பயணச்சீட்டு வாங்கக்கூடிய நிலையான நேர்ச் சேவை இல்லை. அதனால்தான் முக்கால் மணி நேரம் என்ற விடையோடு எனக்கு வழக்கு.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்டூரிலிருந்து குருமன்வெளிக்கும் அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும் வாவியைக் கடக்கிற ‘பாதை’ என்ற மிதவையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் அகலம் கண்ணுக்குத் தெரியும். ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. ஆனால் அக்கரையான எழுவான்கரைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று கேட்டால் யாரும் வாவியின் அகலத்தை அளப்பதில்லை. பாதை இக்கரையில் நிற்கிறதா, அக்கரையில் நிற்கிறதா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்தக் கடைசிப் பாதைதான் தூரம். மண்முனையில் 2014-ஆம் ஆண்டு பாலம் திறந்தபோது வாவி ஒரு முழம்கூடச் சுருங்கவில்லை. காத்திருப்பு மட்டும் இல்லாமல் போனது. அங்கே மக்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகாயத்திலும் இதே கணக்குத்தான். கிழமைக்கு இரண்டு நாள் விமானம் என்றால், திடீரென்று போக வேண்டிய ஒருவர் சராசரியாக ஒன்றே முக்கால் நாள் காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒன்று என்றால் அரை நாள். பறக்கிற நேரத்தில் பதினைந்து நிமிடத்தை மிச்சம்பிடிக்கிற பெரிய விமானம் கிழமைக்கு இரண்டு தடவை வருவதைவிட, பதினைந்து நிமிடம் கூட எடுக்கிற சின்ன விமானம் தினமும் வருவதுதான் வேகமான சேவை. ஓடுபாதையும் அதையே கேட்கிறது. ஏ.ரி.ஆர் 72 முழுப்பாரத்தோடு கிளம்ப ஏறத்தாழ 1,300 மீற்றர் வேண்டும். கரவனுக்கு அதில் பாதியே தாராளம்.

வீட்டுவாசலிலிருந்து வீட்டுவாசல் வரை பார்ப்போம். இந்த இடத்திலிருந்து ஓடுபாதை ஒரு காகத்துக்கு மூன்று நான்கு கிலோமீற்றர்தான். எங்களுக்கு நகரம் போய் வாவியைச் சுற்ற வேண்டும், அரை மணி என்று வையுங்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் போய்ப் பயணப்பையை நிறுத்துக் கொடுக்க வேண்டும். பறக்க ஒரு மணி ஐந்து நிமிடம். இறங்கி வெளியே வரக் கால் மணி. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு அரை மணிக்குச் சற்றுக் கூட. மொத்தம் மூன்றரை மணி நேரத்துக்குள். பறப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. ஆனாலும் பஸ் எடுக்கும் நேரத்தில் பாதியும் இல்லை. காலையில் போய்க் காரியம் பார்த்து மாலையில் திரும்பலாம் என்பதுதான் இதில் பெரிய பேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையை விட்டிருக்கிற தாய்க்கும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையை விட்டிருக்கிற யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கும் அது என்ன என்று தெரியும்.

இந்த இரண்டு நிலையங்களின் கதையையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பலாலி இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியது. சீதாதேவி என்று பெயரிட்ட டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை போனது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இலங்கையின் முதல் விமான நிறுவனம் பறந்த முதல் வழியே பலாலி ஊடாகத்தான் என்பதை நான் ஒவ்வொரு மேடையிலும் சொல்லுவேன். மட்டக்களப்பு நிலையம் 1958 நவம்பரில் திறந்தது. 1983-இல் விமானப்படை அதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை, திமிலைதீவுப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் வானத்தை ஆசையோடு பார்க்கவில்லை. 2016-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். 2018-இல் அது மறுபடி சிவில் விமான நிலையமானது.

யாழ்ப்பாணத்தில் துன்பம் இன்னும் கொடியது. போரில் ஏ-9 வீதி மூடியிருந்த காலங்களில் கப்பலும் விமானமும்தான் வழி. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. ஐம்பத்தைந்து உயிர். வேறு வழியில்லாமல் அந்த விமானத்தில் ஏறியவர்கள் அவர்கள். ஓடுபாதையைச் சுற்றி வலிகாமம் வடக்கில் 1990-இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் ஒரு பகுதி விடுபடவே கால்நூற்றாண்டுக்கு மேல் ஆனது; இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பலாலியைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிறேன் என்பதற்காக, அவர்களுடைய வளவுக்கு மேலால் ஓடுபாதையை நீட்டுங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கேட்கிற விமானத்துக்கு இருக்கிற ஓடுபாதையே மிதமிஞ்சியது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வந்தது. பெருந்தொற்று வந்து 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது.

இப்போது மறுபடியும் அடிமட்டத்தை எடுங்கள். நான் இன்றைக்கு இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

மட்டக்களப்பிலிருந்து திருச்சிக்கு ஆகாய நேர்க்கோடு 470 கிலோமீற்றர். மட்டக்களப்பு–பலாலி 291, பலாலி–திருச்சி 184; கூட்டினால் 475. பலாலியில் இறங்கிப் போவதால் கூடுவது ஐந்தே கிலோமீற்றர். சென்னையைப் பாருங்கள். நேர்க்கோடு 607. பலாலி வழியாக 291-உம் 354-உம் சேர்த்து 645. முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்தான் கூட. கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையம் வழியாகப் போனால் வானத்திலேயே 850 கிலோமீற்றர். நடைமுறையில் எங்கள் ஆட்கள் கட்டுநாயக்கவுக்குப் பறந்தா போகிறார்கள்? வாகனத்துக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றருக்கு வாடகை கொடுத்து, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, விடிய முன்னம் போய்ச் சேர்ந்து, விமானத்துக்குக் காத்திருந்து போகிறார்கள். நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்த இரவுப் பயணத்துக்கு அஞ்சுவதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பலாலிக்கு உள்நாட்டு விமானத்தில் போக வேண்டும் என்று இன்றைக்கு ஒருவர் நினைத்தாலும், மேற்கே இரத்மலானைக்கு 221 கிலோமீற்றர் போய் அங்கிருந்து வடக்கே 329 கிலோமீற்றர் போக வேண்டும். 291-க்குப் பதில் 550.

நாங்கள் யாழ்ப்பாணத்தைத் தீவின் கடைசி மூலை என்று நினைத்துப் பழகிவிட்டோம். வீதியும் புகையிரதமும் கொழும்பிலிருந்து விரிவதால் வந்த பழக்கம் அது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928-இல் வந்ததும் அந்தத் திசையிலிருந்துதான். வானத்துக்கு அந்தத் தண்டவாளம் கிடையாது. மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் பலாலி திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற வழியிலேயே இருக்கிற ஊர். கிழக்குக்கு ஒரு சர்வதேச விமான நிலையம் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதற்குக் காணியும் கோடிக்கணக்கில் பணமும் பல ஆண்டும் வேண்டும். ஒன்பது இருக்கை விமானம் ஒன்று தினமும் காலையில் பலாலி போனால், அங்கிருக்கும் சர்வதேச நிலையம் எங்களுடையதும் ஆகிவிடும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒன்பது இருக்கையில் வருகிற கட்டணம் எரிபொருளுக்கும் விமானிக்கும் பராமரிப்புக்கும் போதாது. போதும்படி கட்டணம் வைத்தால் சுற்றுலாப் பயணி ஏறுவார், வாகரைக் கடற்றொழிலாளி ஏறமாட்டார். இந்த முடிச்சை வேறு நாடுகள் அவிழ்த்திருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீற்றர் தூரம். உலகத்தில் ஆகக் குறுகிய ஒழுங்கான விமான சேவை அதுதான். 1967-இலிருந்து பறக்கிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று துணை நின்ற ஒரு நாளில் 53 நொடியில் முடிந்திருக்கிறது. ஆசிரியர், வைத்தியர், நோயாளி, மாணவர் எல்லோரும் போகிறார்கள். இலாபம் பார்த்திருந்தால் அந்த விமானம் என்றைக்கோ நின்றிருக்கும். பொதுச் சேவை என்று கருதி உள்ளூராட்சி மன்றம் பொதுப்பணத்தால் தாங்குகிறது. இந்தியாவில் உடான் திட்டம் இருக்கிறது. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லி போனது. ஒரு மணி நேரப் பறப்புக்குப் பாதி இருக்கைகளுக்கு 2,500 இந்திய ரூபா என்று உச்சவரம்பு வைத்து, விமான நிறுவனத்துக்கு விழும் துண்டை அரசு நிரப்பியது. அதில் தொடங்கிய வழிகள் பல நின்றும் போயின, சில வேரூன்றின. நாங்கள் இரண்டையும் படிக்க வேண்டும்.

ஓடுபாதை இருந்தால் விமானம் தானே வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அத்திலாந்திக்கின் நடுவே சென் ஹெலனா தீவில் பெரும் செலவில் விமான நிலையம் கட்டினார்கள். 2016-இல் தயாரானது. ஓடுபாதை முனையில் காற்று சுழன்றடித்தது. முதல் ஒழுங்கான பயணிகள் விமானம் 2017 அக்டோபரில்தான் இறங்கியது. அதுவரை கேப்டவுனிலிருந்து ஐந்து இரவு கப்பல் பயணம்தான் அந்த மக்களுக்கு. திமிலைதீவில் எங்களுக்குக் காற்றும் தடையில்லை, நிலமும் தடையில்லை. தடையாக இருப்பது அட்டவணை ஒன்றுதான்.

அந்த அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன். எழுதி உரியவர்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். காலை ஆறரைக்குத் திமிலைதீவில் புறப்பாடு. ஏழு முப்பத்தைந்துக்குப் பலாலி. யாழ்ப்பாணத்தில் காரியம் உள்ளவர் எட்டரைக்கு நகரத்தில் நிற்பார். இந்தியா போகிறவர் பலாலியிலேயே இருந்து, குடிவரவும் சுங்கமும் முடித்து, அன்றைய சென்னை அல்லது திருச்சி விமானத்தில் ஏறுவார். அந்த விமானங்களின் நேரம் காலத்துக்குக் காலம் மாறும். மாறும்போது எங்களுடையதும் அதோடு மாற வேண்டும், இல்லாவிட்டால் காத்திருப்பு மறுபடி தொடங்கிவிடும். மாலையில் நாலு மணிக்குப் பலாலியில் புறப்பாடு. சிறிய விமானம் பகல் வெளிச்சத்தில் இறங்குவது நல்லது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு இங்கே வந்துவிடும், பொழுதுபட இன்னும் அரை மணி நேரமாவது இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் ஓர் இருக்கையைப் புறப்பாட்டுக்கு முந்திய மாலை ஆறு மணி வரை விற்காமல் வைத்திருக்க வேண்டும், வைத்தியசாலைக் கடிதத்தோடு வருகிறவருக்கு.